ஐயாவின் பார்க்கரும் எனது ஹீரோவும்

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தது 1972இல். கொழும்பில் எங்கள் ஆசிரியபீடத்தில் அக்காலத்தில் செய்தி, தலையங்கம், பிழைதிருத்தம் அனைத்தும் கையெழுத்திலேயே நடந்தன. அந்தக் கையெழுத்தைப் பார்த்தே அச்சுக்கோப்பாளர் ஈய எழுத்துக்களை அடுக்குவார். எழுத்து விளங்காவிட்டால் மாடிப்படி ஏறி வந்து எல்லோர் முன்னிலையிலும் ஏசுவார். ஆகவே தச்சனுக்கு உளி எப்படியோ, எங்களுக்குப் பேனை அப்படி.

எனது சட்டைப்பையில் இருந்தது சீனத் தயாரிப்பான ஹீரோ 616. யாழ்ப்பாணத்தில் ஒரு புத்தகக் கடையில் தந்தையார் மலிவாக வாங்கித் தந்தது. எதிர் மேசையில் அமர்ந்திருந்த மூத்த உதவி ஆசிரியரிடம் (அவரை நாங்கள் ஐயா என்றே அழைத்தோம்) பார்க்கர் 51 இருந்தது. ஐம்பதுகளில் இலண்டனில் வாங்கியது. இரண்டு பேனைகளும் தூரப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. அதுதான் எனக்குக் கூச்சம். கில்ட்டு நகை அணிந்து கலியாண வீட்டுக்குப் போனவளைப் போல, ஐயா பக்கம் வந்தால் பேனையைக் கையால் மறைத்துக்கொள்வேன்.

பார்க்கர் 51 சாதாரணப் பேனை அன்று. அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்து ஜேன்ஸ்வில் நகரில் 1888இல் தொடங்கிய பார்க்கர் நிறுவனம், தனது 51ஆவது ஆண்டான 1939இல் அதனை உருவாக்கி முடித்தமையாலேயே அந்த இலக்கம். 1941இல் சந்தைக்கு வந்தபோது விலை பன்னிரண்டரை டொலர். எழுதிய கணமே உலரும் ஒரு மைக்காக அது வடிவமைக்கப்பட்டது. அந்த மை பழைய செலுலொயிட் உடலை அரித்துவிடும் என்பதால் லூசைற் என்னும் புதிய பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தினர். நிப் வெளியே நீட்டி நிற்பின் மை முனையிலேயே காய்ந்துவிடும். ஆகவே நிப்பை ஓர் உறைக்குள் ஒளித்து, நுனியை மட்டும் வெளியே விட்டனர். உறைக்குள் சீப்பின் பற்களைப் போல நெருங்கிய தகடுகள் கொண்ட ஓர் உறுப்பும் இருந்தது. மிகையாக வரும் மையை அது பிடித்து வைத்துக்கொள்ளும். தாளில் கொட்டவிடாது.

இந்தப் பேனையை எட்டிப் பிடிக்க வேண்டும் என்பது சீனாவில் ஒரு கட்டத்தில் அரசியல் முழக்கமாகவே ஆயிற்று. ஹீரோவின் மூலம், 1931இல் ஷங்ஹாய் நகரில் தொடங்கப்பட்ட ஹுவாஃபு பேனைத் தொழிற்சாலை. 1958இல், மாவோவின் பெரும் பாய்ச்சல் ஆண்டில், அத்தொழிலாளர் பார்க்கர் 51ஐ விஞ்சுவதாகச் சபதம் செய்தனர். ஹீரோ பார்க்கரைத் துரத்துகிறது என்ற பொருள்படும் பெயரில் அவ்வாண்டு ஒரு திரைப்படமே வெளிவந்தது. அம்முயற்சியின் விளைவே தங்க நிப் கொண்ட ஹீரோ 100. தொழிற்சாலையும் 1966இல் ஹீரோ என்றே பெயர் மாறியது. அந்தப் பெரும் பாய்ச்சலைப் பற்றி எனக்கு மயக்கம் எதுவும் கிடையாது. கொல்லைப்புற உலைகளில் உருக்கிய இரும்பு பெரும்பாலும் வீணாயிற்று. தொடர்ந்த பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் மாண்டனர். அந்த அழிவுக் காலத்தில் மிஞ்சிய நல்ல பொருட்களில் ஒன்று இந்தப் பேனை என்று மட்டும் சொல்லலாம்.

இலங்கைக்கும் சீனாவுக்கும் இடையிலான வணிக வழி அதற்கு முன்னரே திறந்திருந்தது. 1952 டிசெம்பரில் கைச்சாத்தான றப்பர் - அரிசி உடன்படிக்கையின்படி ஆண்டுதோறும் ஐம்பதாயிரம் தொன் றப்பர் போயிற்று. இரண்டு இலட்சத்து எழுபதாயிரம் தொன் அரிசி வந்தது. வொஷிங்டனின் சினத்தைப் பொருட்படுத்தாமல் அதைச் செய்தது இடதுசாரி அரசு அன்று, ஐக்கிய தேசியக் கட்சியின் அரசு. எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகி மேல்நாட்டுப் பொருட்கள் அருமையானபோது, எங்களைப் போன்றோரின் சட்டைப்பையில் சீனப் பேனையே இருந்தது.

ஒருநாள் நான் மறைக்க மறந்தேன். ஐயா கையை நீட்டினார். ஏதும் பேசாமல் இரண்டு வரி எழுதிப் பார்த்தார். பின்னர் தேநீர்க் கோப்பையில் தண்ணீர் எடுத்து, உறையைத் திருகிக் கழற்றி, உள்ளுறுப்புகளைக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்தார். அந்தச் சீப்புத் தகடுகள் எனது பேனையிலும் இருந்தன.

“தம்பி, இது களவுதான். ஆனால் களவெடுத்தவன் எதை எடுக்க வேணுமெண்டு தெரிஞ்சு எடுத்திருக்கிறான்.”

அவர் சொன்னதன் பொருள் எனக்கு மெதுவாகவே விளங்கியது. ஊற்றுப் பேனையில் விலை இருக்கும் இடம் ஒன்று, வேலை நடக்கும் இடம் வேறு. பழைய மைகளில் இரும்பு உப்பும் அமிலமும் இருந்தன. அவை சாதாரண உருக்கைத் தின்றுவிடும் என்பதாலேயே தங்க நிப் வேண்டியிருந்தது. துருப்பிடிக்காத உருக்கு வந்து, மையும் சாந்தமான பின்னர் அந்தத் தேவை பெரிதும் நீங்கிற்று. தங்க நிப்பிலும் தாளைத் தொடுவது தங்கம் அன்று. நுனியில் ஒட்டப்பட்ட, கடுகிலும் சிறிய, இரிடியம் என்று வழங்கப்படும் கடின உலோக உருண்டையே தாளைத் தொடுகிறது. அந்த உருண்டையை நேராகத் தீட்டி, நடுவே பிளவைச் சரியாக வெட்டி, மை இறங்க இறங்க அதே அளவு காற்று உள்ளே ஏற வழி விட்டால் பேனை எழுதும். எழுதும்போது அதற்குத் தன் விலை தெரியாது. மலிவுப் பதிப்பான 616இல் ஷங்ஹாய்த் தொழிலாளர் சிக்கனம் பிடித்தது தங்கத்திலும் மினுக்கத்திலுமே. நுனியிலும் காற்று வழியிலும் அன்று.

பின்னர் ஹீரோவுக்கே போலிகள் வந்தன. கவனமின்றிச் செய்த, தாளைக் கீறும் 616கள் கடைகளில் நிறைந்தன. 2012இல் ஹீரோ பேனை நிறுவனத்தின் 49 வீதப் பங்குகள் வெறும் 25 இலட்சம் யுவானுக்கு விற்பனைக்கு வந்த செய்தியைப் படித்தபோது எனக்கு ஐயாவின் நினைவே வந்தது.

1983 யூலையில் எனது வாடகை அறை எரிந்தது. அகதி முகாமுக்கு நான் கொண்டு போனவை உடுத்த உடுப்பும் சட்டைப்பையில் இருந்த பேனையும். குடும்பங்களின் பெயர்ப் பட்டியல் எழுத ஆள் தேவைப்பட்டது. பேனையை இரவல் கொடுத்தால் நிப் பிறர் கைக்குப் பழகிக் கெட்டுவிடும் என்று வளர்க்கப்பட்டவன் நான். அந்த நாட்களில் அது எத்தனை கைகளுக்கு மாறியது என்பது கணக்கில்லை. கொப்பியின் முரட்டுத் தாளில், பெயர், வயது, ஊர், காணாமற் போனோர் என்று பக்கம் பக்கமாக எழுதினோம். மை தீர்ந்தபோது நின்றதேயன்றி, வேறெதற்கும் அது நிற்கவில்லை.

ஐயாவின் வெள்ளவத்தை வீடும் அதே வாரத்தில் எரிந்தது. அவர் கப்பலில் காங்கேசன்துறை போய்ச் சேர்ந்தார். நான் மீண்டும் வேலைக்குத் திரும்பிய பின்னர், யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய முதல் கடிதம் வந்தது. அது பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. வீட்டைப் பற்றி ஒரு வரி, புத்தகங்களைப் பற்றி இரண்டு வரி. கீழே, கோடிட்டு:

“பார்க்கரும் போயிற்று. வருகிறவர்கள் யாரிடமாவது ஒரு ஹீரோ கொடுத்துவிடும். 616. கறுப்பு.”