புதுக்கோட்டைக்கு வந்த பர்மா போர்

இரண்டாம் உலகப் போர் என்றாலே ஹிட்லர், ஹிரோஷிமா என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். புதுக்கோட்டைக்கும் அதில் ஒரு போர்முனை உண்டு. அது பர்மா!

ராயவரம், கடியாபட்டி, மேலைச்சிவபுரி பக்கம் போனால் செட்டியார் வீடுகளில் பர்மா தேக்குத் தூண்களைப் பார்க்கலாம். அப்போது புதுக்கோட்டை தொண்டைமான் சமஸ்தானம். அங்கிருந்து நகரத்தார் பர்மா போய் லேவாதேவி செய்தார்கள். பெரும்பாலும் ஆண்கள் மட்டும் மூன்று வருடக் கணக்கில் போவார்கள், குடும்பம் ஊரில் இருக்கும். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, பர்மிய விவசாயிகளால் கடனை அடைக்க முடியவில்லை. 1937 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கிட்டத்தட்ட கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. நிலத்தை இழந்தவனுக்குக் கோபம் வராமல் இருக்குமா? இதையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு.

1941 டிசம்பர் 23. ரங்கூன் மேல் ஜப்பான் குண்டு போட்டது. செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த மொகல் தெரு உட்பட ஊரே காலியாகத் தொடங்கியது. கப்பலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. (1952இல் வந்த 'பராசக்தி' படத்தில் ஒரே ஒரு டிக்கெட்தான் கிடைத்து குணசேகரன் மட்டும் கப்பல் ஏறுவானே, அந்தக் காலம்தான் இது. அவனுடைய அண்ணன் அகதியாக நடந்து வருவார், காலையும் இழப்பார்.) 1942 மார்ச் 8இல் ரங்கூன் விழுந்தது. அதற்குப் பிறகு நடைதான்.

சிலர் அரக்கான் மலையைத் தாண்டி சிட்டகாங் போனார்கள். மற்றவர்கள் மாண்டலே வழியாகத் தமு வந்து, அங்கிருந்து மணிப்பூர் மலைகளில் ஏறினார்கள். காலரா, மலேரியா, பசி, அப்புறம் மழை. நடந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் மேல். இறந்தவர்கள் பத்தாயிரம் என்பாரும் உண்டு, ஐம்பதாயிரம் என்பாரும் உண்டு. வழியில் யார் எண்ணினார்கள்? வெள்ளையருக்கு ஒரு பாதை, இந்தியருக்கு ஒரு பாதை என்று பாகுபாடு காட்டியதைக் காங்கிரஸ் அப்போதே கண்டித்தது.

ஊரில் இருந்த பெண்களுக்கோ கடிதமும் இல்லை, பணமும் இல்லை. பர்மா அரிசியும் நின்று போனது. ஆள் வாசலில் வந்து நின்றால்தான் உயிரோடு இருப்பதே தெரியும்!

1944 மார்ச்சில் அதே தமு பாதையில் ஜப்பான் படையும் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமும் இம்பாலை நோக்கி வந்தன. மலேயாத் தோட்டங்களில் இருந்து சேர்ந்த தமிழர்கள் அந்த ராணுவத்தில் நிறைய. எதிரே பிரிட்டிஷ் இந்தியப் படையிலும் இந்தியர்களே! ஜூலைக்குள் தோற்றுத் திரும்பினார்கள்.

போர் முடிந்து சிலர் பர்மா திரும்பினார்கள். ஆனால் 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது, 1963இல் வங்கிகளும் அரசுடைமை ஆயின. அடுத்த சில ஆண்டுகளில் லட்சக்கணக்கான இந்தியர் வெளியேறினார்கள். அப்படித் தமிழ்நாடு வந்தவர்களில் சிலருக்கு இங்கே ஒட்டவில்லை. பர்மாவுக்கே போய்விடலாம் என்று மணிப்பூர் வழியாகக் கிளம்பினார்கள். எல்லையில் தடுத்துவிட்டார்கள். தமுவுக்கு எதிரே மோரேயில் அப்படியே தங்கி, அங்காள பரமேஸ்வரிக்கு ஒரு கோயிலும் கட்டினார்கள். 1942இல் அகதிகள் நடந்து வந்த அதே வழியில்தான் இருக்கிறது அந்த ஊர்.