கல் ஈந்த ஊரும் நீர் பெற்ற ஊரும்

அணை, ஏரி, சாலை, இருப்புப்பாதை முதலியவற்றைப் பொதுப்பணிகள் என்று வழங்குகிறோம். பொது என்னும் சொல் எல்லாரையும் தன்னுள் அடக்குவது. ஆயினும் ஒரு பணிக்குக் கல்லும் நிலமும் உழைப்பும் தந்தவர் யார், அதன் பயனைத் துய்த்தவர் யார் என்று இரண்டு வினாக்களைத் தனித்தனியே எழுப்பினால் விடைகள் பெரும்பாலும் ஒன்றாக அமைவதில்லை. இவ்வுண்மைக்கு ஓராயிரம் ஆண்டுக்காலச் சான்றாக நிற்கும் நிலப்பகுதி உடையார்பாளையம்.

மேட்டுநிலம்

கொள்ளிடத்திற்கு வடக்கே, வெள்ளாற்றிற்குத் தெற்கே பரந்து கிடப்பது இப்பகுதி. செம்மண் மேடு, முந்திரிக்கும் கம்புக்கும் நிலக்கடலைக்கும் ஏற்ற நிலம். தெற்கே ஆற்றைக் கடந்தால் தஞ்சை, கும்பகோணப் பகுதிகளின் நெல்வயல்கள். கிழக்கே சென்றால் வீராண ஏரியின் பாசனப் பரப்பு. இரண்டு பசுமைகளுக்கும் அருகே மழையை நோக்கி நிற்கும் மானாவாரி நிலம் இது.

கலைக்கு இம்மண்ணில் குறைவிருந்ததில்லை. கனம் கிருஷ்ணையரை ஆதரித்தது உடையார்பாளையம் சமஸ்தானம். உ.வே.சாமிநாதையர் இளமையில் தமிழ் பயின்ற ஊர்களுள் அரியலூரும் குன்னமும் அடங்கும் என்பதை 'என் சரித்திரம்' படித்தோர் அறிவர். எனினும் நீரும் வழியும் இங்கு எளிதில் வாய்த்தவை அல்ல. பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஓர் ஓரமாக இருந்த இப்பகுதி, 1995இல் பெரம்பலூர் மாவட்டத்திலும், 2001இலும் மீண்டும் 2007இலும் அரியலூர் மாவட்டத்திலும் சேர்ந்தது. மாவட்டத் தலைமையிடம் அருகில் வருவதற்கே இத்தனை காலம் ஆயிற்று.

சோழகங்கம்

முதலாம் இராசேந்திரன் பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் தன் தலைநகரை இம்மேட்டில் அமைத்தான். கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் சோழர் தலைநகராக விளங்கியது. நகருக்கு அருகே அவன் வெட்டுவித்த பேரேரி சோழகங்கம். இன்று அது பொன்னேரி எனப்படும். கங்கை வெற்றிக்கு நீரால் அமைத்த வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு இதனைப் போற்றுகிறது.

இவ்வேரியின் கரை 16 மைல் நீளம் என்றும், கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேற்பட்ட கால்வாய் ஒன்றும் வெள்ளாற்றிலிருந்து சிறிய கால்வாய் ஒன்றும் இதனை நிரப்பின என்றும் 1855ஆம் ஆண்டுக் குறிப்பொன்று கூறும். அறுபது மைல் என்பது வீண் நீளம் அன்று. ஆற்றை விட உயர்ந்த நிலத்திற்கு நீர் ஏறாது. மேற்கே நெடுந்தொலைவில், ஆறு உயர்ந்து ஓடும் இடத்தில் நீரைப் பிரித்து, சாய்வு குறையாமல் நடத்தி வந்தால்தான் மேட்டை எட்டும். நாடாள்வோர் மேட்டுநிலத்தையும் தம் நிலமாகக் கருதினால் அதற்கும் நீர் வரும் என்பதற்கு இக்கால்வாயே சான்று.

அதனால் சோழர் காலம் எல்லார்க்கும் பொற்காலமாக இருந்தது என்று கொள்ளல் ஆகாது. கூலியின்றிப் பெறப்பட்ட உழைப்பைச் சோழர் கல்வெட்டுகள் 'வெட்டி' என்றும் 'அமஞ்சி' என்றும் குறிக்கின்றன. கூலியற்ற வேலையைச் சுட்டிய 'வெட்டி' என்ற சொல், இன்று பயனற்ற வேலையைச் சுட்டுவதாய்த் திரிந்தமை எண்ணுதற்குரியது. இராசராசனின் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகளில் ஊர்நத்தம் வேறாகவும் பறைச்சேரி வேறாகவும் குறிக்கப்பெறுகின்றன. தீண்டாச்சேரியும் அங்கே இடம்பெறுகிறது. குளமும் சுடுகாடும்கூடப் பிரித்தே சொல்லப்படுகின்றன. ஏரிநீர் மேட்டுக்கு ஏறியது. எல்லாத் தெருவுக்கும் ஒருபடியாய்ச் சென்றதில்லை.

அணையும் கோயிலும்

சோழர் ஆட்சி மறைந்தபின் ஏரி பாழ்பட்டது. பகைவர் படை வேண்டுமென்றே கரையை உடைத்தது என்பது ஊர்வழக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் ஏரியின் உட்பரப்பு அடர்காடாகிக் கிடந்தது.

அந்நூற்றாண்டில் ஆங்கில அரசு காவிரிப் பாசனத்தைச் சீர்ப்படுத்த முனைந்தது. காவிரி நீர் பெரும்பகுதி கொள்ளிடத்தில் இறங்கிப் போவதைத் தடுக்க ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார். அதனால் கொள்ளிடத்தில் நீர் குறையும். கீழே அந்நீரை நம்பியிருந்த தென்னார்க்காட்டுக் கால்வாய்கள் வறளும். அக்குறையை ஈடுசெய்ய அணைக்கரையில் கீழணை எழுந்தது. இரண்டும் 1836இல் அமைந்தன. தஞ்சைக்கு நீர் உறுதியாயிற்று. தென்னார்க்காட்டிற்கு ஈடு கிடைத்தது. அணையின் அண்டையில் இருந்த உடையார்பாளைய மேட்டுநிலம் அக்கணக்கில் இடம்பெறவில்லை. நெல் விளையும் நிலமே மிகுந்த தீர்வை தரும் நிலம் என்பது இதற்கு விளக்கமாகலாம்.

நீர்க்கணக்கில் விடுபட்ட ஊர் கற்கணக்கில் விடுபடவில்லை. கீழணைக்கு வேண்டிய கல்லுக்காகக் கங்கைகொண்ட சோழபுரக் கோயிலின் சுற்றுமதில் பெரும்பாலும் பெயர்க்கப்பட்டது. சிற்பவேலை அமைந்த கருங்கற்களும் சென்றன. ஊரிலிருந்த எளிய மக்கள் தம்மால் இயன்றவரை தடுத்தனர் என்றும், அரசை அவமதித்ததாகத் தண்டிக்கப்பட்டதே அவர்கள் கண்ட பயன் என்றும் மேற்குறித்த 1855ஆம் ஆண்டுக் குறிப்பு வருத்தத்துடன் பதிவு செய்கிறது. கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக வாக்களிக்கப்பட்டது. அவ்வாக்கு அதுவரை நிறைவேறவில்லை என்றும் அக்குறிப்பே சொல்கிறது.

கீழணை தீயது என்பது இங்குக் கருத்தன்று. பல்லாயிரம் உழவர்க்கு அது வாழ்வளித்தது. அணையில் பிரியும் வடவாறு வீராணத்தை நிரப்புகிறது; 2004 முதல் வீராண நீர் குழாய்வழியே சென்னையின் தாகத்தையும் தணிக்கிறது. இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள மாநகரைச் சென்றடையும் நீர், கல்தந்த ஊரின் கழனியை எட்டவில்லை என்பதே இங்குச் சுட்டத்தக்கது.

எகிப்தின் வரலாறு இதனோடு ஒப்பிடத்தக்கது. 1960களில் அசுவான் பேரணையின் நீரில் மூழ்கவிருந்த அபு சிம்பல் கோயிலை உலகநாடுகள் ஒன்றுகூடி அறுத்தெடுத்து உயரத்தில் மீண்டும் நிறுவின. இங்கே அணைக்காகக் கோயில் பெயர்க்கப்பட்டது. அங்கே அணையிலிருந்து கோயில் காக்கப்பட்டது. ஆனால் அங்கும் நூபிய மக்கள் பெருந்தொகையாய்த் தம் ஊர்களை இழந்தனர். கல்லின் அருமை உணரப்பட்ட காலத்திலும் மனிதர் கணக்கில் பின்தங்கியே நின்றனர்.

பாதையும் நிலமும்

இருப்புப்பாதையின் கதையும் வேறன்று. தென்னிந்திய இரயில்வேயின் பழைய பாதை பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொள்ளிடத்திற்குத் தெற்கே கும்பகோணம், தஞ்சை வழியே சென்றது. விழுப்புரத்தையும் திருச்சியையும் நேரே இணைக்கும் குறுக்குப்பாதை 1920களின் இறுதியில் மேற்கே அரியலூர் வழியே அமைந்தது. இரண்டிற்கும் இடையே உடையார்பாளையமும் ஜெயங்கொண்டமும் இரயில் அறியாத ஊர்களாக நின்றன. விடுதலைக்குப் பின் வந்த புள்ளம்பாடி வாய்க்கால் மேற்கே ஒரு பகுதிக்குக் காவிரி நீரைக் கொணர்ந்தது. ஜெயங்கொண்ட மேடு அதற்கும் அப்பால் இருந்தது.

இப்பகுதியை நாடி வந்த பெருந்திட்டம், அதன் நிலத்தை நாடியே வந்தது. ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி அகழ்ந்து மின்நிலையம் அமைக்கவென 1990களில் 8,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் கையகப்படுத்தப்பட்டது. இழப்பீடு போதாதென்று உழவர் நீதிமன்றம் ஏறினர். வழக்குகள் பல்லாண்டு நீண்டன. மின்நிலையம் எழவில்லை. கால் நூற்றாண்டு கழிந்தபின், 2020களில், நிலத்தை உரியவர்க்கே திருப்பித்தர அரசு முடிவு செய்தது.

இதில் பட்டா வைத்திருந்தோர் வழக்கேனும் தொடுக்க முடிந்தது. அந்நிலத்தில் களையெடுத்தும் முந்திரிக்கொட்டை பொறுக்கியும் பிழைத்த கூலியாட்களுக்கு அவ்வாயிலும் இல்லை. 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் நிலத்தில் உரிமை உடையவரையே கண்டது. அதில் உழைப்பவரைக் காணவில்லை. நிலமற்ற உழவுத் தொழிலாளரும் பாதிக்கப்பட்டோரே என்பதை 2013ஆம் ஆண்டுச் சட்டம்தான் ஏற்றது. வெட்டி உழைப்பாளியின் பெயர் கல்வெட்டில் ஏறாமைக்கும், கூலியாளின் பெயர் இழப்பீட்டுப் பட்டியலில் ஏறாமைக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகள் உண்டு; வேறுபாடு மிகுதியில்லை.

நிறைவாக

கங்கைகொண்ட சோழபுரம் 2004இல் உலக மரபுச் சின்னமாயிற்று. சோழகங்கத்தைச் சீரமைக்கும் திட்டத்தை 2025இல் தமிழக அரசு அறிவித்தது. வரவேற்கத்தக்கதே. அவ்வேரியில் நீர் நிறையும்போது அது காண வருவோர்க்குக் காட்சியாக மட்டும் நிற்குமா, கடைமடையில் உள்ள சேரியின் நிலத்திற்கும் பாயுமா என்பதே அதன் வெற்றியை அளக்கும் கோல்.

ஏரி வெட்டிய மன்னனைப் பாட மெய்க்கீர்த்தி இருந்தது. அணை கட்டிய பொறியாளர்க்கு வரலாறு இடம் தந்தது. மதிலைக் காக்க முயன்று தண்டனை பெற்ற எளிய மக்களின் பெயர்களில் ஒன்றைக்கூட எவரும் எழுதி வைக்கவில்லை. கவிஞர் கூடும் அவைக்கு இக்குறை சிறப்பாக உரியது. ஒரு பாலமோ சாலையோ திறக்கப்படும்போது வாழ்த்துப்பா பாடுதல் எளிது. கல் எங்கிருந்து வந்தது, நீர் எங்கே போகிறது என்று கேட்டு, விடைகிடைத்த பின் பாடுவதே பயனுடைய பாட்டு.