வண்டலூர் ஹெரால்டும் எஞ்சின் சூடும்

தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் கார் தொழிற்சாலை இருந்தது. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் இயங்கிய ஸ்டாண்டர்டு-டிரயம்ப் நிறுவனத்தின் கார்கள் இங்கு இந்திய வடிவம் பெற்றன. அவற்றுள் மக்கள் நினைவில் அதிகம் நின்றது, 1961இல் இந்தியாவில் அறிமுகமான ஹெரால்டு. இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலொட்டி வரைந்த இந்தக் கார் குளிர்நாட்டுச் சாலைகளுக்கென உருவானது. மே மாத வெயில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் சென்னைப் புறநகரில் அதன் எஞ்சினைக் கொதிக்காமல் காப்பதே உரிமையாளர்களின் பெருங்கவலையாக இருந்தது.

ஹெரால்டின் நான்கு சிலிண்டர் எஞ்சின் 948 சி.சி. கொள்ளளவு உடையது. இதே எஞ்சின் குடும்பத்தின் 1147 சி.சி. வடிவம்தான் 1962இல் வந்த டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரில் பொருத்தப்பட்டது. பிரிட்டிஷ் ஹெரால்டும் 1961லேயே 1147 சி.சி.க்கு மாறியது, வண்டலூர் கார் மட்டும் பழைய 948லேயே நின்றது. இழுவை போதாது என்ற குறை நியாயமானதே. ஆனால் குறைவாக எரிபொருள் எரிக்கும் எஞ்சின் குறைவாகவே வெப்பம் உமிழும் என்பதால், நம் ஊர் வெயிலுக்கு அது ஒருவகையில் நன்மையாகவும் அமைந்தது.

ஓடும் காரில் சிக்கல் அதிகமில்லை. எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நின்றால்தான் தொல்லை. நீரைச் சுழற்றும் பம்பையும் காற்றை இழுக்கும் விசிறியையும் எஞ்சினின் சுழற்சியே இயக்குகிறது. ரயில்வே கேட் மூடியிருக்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடினால் இரண்டுமே மந்தமாகிவிடும். கேட்டில் நிற்கும்போது எஞ்சினை அணைத்துவிடுவது பெட்ரோல் சிக்கனத்துக்காக மட்டுமல்ல.

ரேடியேட்டர் மூடிக்கும் முக்கியப் பங்கு உண்டு. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடி, உள்ளே நீரின் கொதிநிலையை ஏறத்தாழ 110 பாகைக்கு உயர்த்தும். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். கொதிக்கும் ரேடியேட்டரை அவசரப்பட்டுத் திறந்தால், அழுத்தம் சட்டென நீங்கி நீர் ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கையையும் வெந்துவிடச் செய்யும். சூடான வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அது விரிசல் விடவும் கூடும்.

புறநகர் ஆழ்துளைக் கிணறுகளின் கடின நீர் இன்னொரு பகை. வீட்டுப் பாத்திரத்தின் அடியில் படியும் அதே வெண்படிவம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ ஊற்றியவர்களின் கார்கள் நெடுநாள் உழைத்தன. பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் வழக்கமும் பரவலாக இருந்தது. இதனால் பெரிய பலன் இல்லை: நீர் சூடானதும் நல்ல தெர்மோஸ்டாட் தானே திறந்துகொள்ளும். அது இல்லாத எஞ்சின் காலையில் சூடேறத் தாமதமாகி, வீணாகத் தேயும்.

இவ்வளவுக்கும் ஈடுகட்டும் ஒரு வசதி ஹெரால்டில் இருந்தது. மட்கார்டுகளோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழும். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து பெல்ட்டையும் ஹோஸையும் மாற்றிவிடலாம். 1970களில் வந்த கெசல் காரில் சாதாரண பானெட் வைத்து இதைக் கைவிட்டது பழுதுபார்ப்பவர்களுக்கு இழப்புதான்.

எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால், நடுவில் அமைந்த ஸ்போர்ட்ஸ் கார்களோடு ஒப்பிட்டால் ஹெரால்டின் அமைப்பு எளியது. 1972இல் வந்த ஃபியட் எக்ஸ் 1/9 காரில் ரேடியேட்டர் முன்னாலும் எஞ்சின் பின்னாலும் இருப்பதால், நீர் நீண்ட குழாய்களில் போய்வர வேண்டும். நீர் மாற்றும்போது எங்காவது காற்று சிக்கிக்கொண்டால் ஓட்டம் தடைப்பட்டு எஞ்சின் கொதிக்கும். ஹெரால்டில் ரேடியேட்டர் எஞ்சினுக்கு நேர் முன்னாலேயே நிற்கிறது.

1985இல் வண்டலூர் நிறுவனம் ரோவர் எஸ்.டி.1 உடலில் 1991 சி.சி. எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 காரை வெளியிட்டது. பழைய வேன்கார்டு வழிவந்த இந்த எஞ்சினில், குளிர்நீர் சிலிண்டர் உறைகளை நேரடியாகத் தொட்டு ஓடும். விலையும் பெட்ரோல் செலவும் அதிகமானதால் கார் விற்கவில்லை. 1988இல் உற்பத்தி நின்றது.

அதன் பின் கொதித்துக் கோணிய சிலிண்டர் தலைக்கு மாற்று கிடைப்பது கடினமாயிற்று. எஞ்சியிருக்கும் ஹெரால்டுகளின் உரிமையாளர்கள் பழைய கார்களிலிருந்து பாகங்களைக் கழற்றிச் சேர்க்கின்றனர். சிலர் பிரிட்டனிலிருந்து டிரயம்ப் உதிரிகளை வரவழைக்கின்றனர். ரேடியேட்டரின் முன் மின்விசிறி ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தி, ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் காரைக் கொண்டுபோகிறவர்களும் உண்டு.