வீட்டில் பிறந்த வாசகங்கள்

படிநிலை வாசகம் என்பது, எழுத்துகளை அப்போதுதான் அறிந்துகொண்ட குழந்தை தனக்கு இயன்ற சொற்களில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கடினமான பகுதிகளுக்கு ஏறிச்செல்லுமாறு வரிசைப்படுத்தப்பட்ட நூல்தொகுதியாகும். இன்று வகுப்பறைக்கே உரியதாகக் கருதப்படும் இத்தொகுதி, பாடநூல் குழுக்கள் தோன்றுவதற்கு முன்பே, பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், தம் பிள்ளைகளுக்குத் தாமே எழுத்தறிவித்த பெண்களின் கையில் உருப்பெற்றது என்பது கல்வி வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தி.

அதற்கு முன் ஆங்கிலக் குழந்தையின் முதல் ஏடு 'ஹார்ன்புக்' எனப்பட்ட, கைப்பிடியுள்ள சிறு மரப்பலகையே. நெடுங்கணக்கும் சில அசைகளும் கிறித்தவ இறைவேண்டலும் கொண்ட தாளை அதில் பதித்து, தாள் கிழியாதிருக்க, ஒளி ஊடுருவும் அளவு மெலிதாகச் சீவிய மாட்டுக்கொம்புத் தகட்டால் அதை மூடினர். அப்பலகையைக் கடந்த குழந்தை பெரும்பாலும் நேரே சமய வினாவிடைக்கும் விவிலியத்துக்கும் அனுப்பப்பட்டது. இந்த இடைவெளியை உணர்ந்தவர்களுள் ஒருவர், பக்கிங்காம்ஷயர் மாவட்டத்து ஓல்னி ஊரின் திருச்சபைக் குருவின் மனைவியான ஜேன் ஜான்சன். இவர் 1740களில் தம் பிள்ளைகளுக்காக எழுத்துகளும் சொற்களும் சிறு தொடர்களும் எழுதிய அட்டைகளையும் கையடக்க நூல்களையும் தாமே செய்து, வண்ணத்தாள் ஒட்டி அழகுபடுத்தினார். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக லில்லி நூலகத்தில் இன்று காக்கப்படும் அத்தொகுப்பு, அச்சேறாத வீட்டுக்கல்விக்கு எஞ்சியிருக்கும் அரிய சான்று.

அச்சில் இதைச் சாதித்தவர் அன்னா லெட்டிசியா பார்போல்ட். கவிஞரும் ஆசிரியருமான இவர் தம் உடன்பிறந்தாரின் மகன் சார்ல்ஸைத் தத்தெடுத்து வளர்த்தார். அச்சிறுவனுக்கு ஏற்ற நூல் கடைகளில் இல்லாததால் 'குழந்தைகளுக்கான பாடங்கள்' என்னும் நூல்வரிசையைத் தாமே எழுதி 1778, 1779 ஆண்டுகளில் வெளியிட்டார். முதல் பகுதி இரண்டு முதல் மூன்று வயதுக்கும், அடுத்தவை மூன்று முதல் நான்கு வயதுக்கும் என வகுக்கப்பட்டதோடு, சொற்றொடர்களும் பகுதிக்குப் பகுதி நீண்டு சென்றன. சிறு கண்களுக்குத் தடித்த பெரிய எழுத்தும், தெளிவான நல்ல தாளும், வரிகளைச் சுற்றிப் போதிய வெற்றிடமும் வேண்டும் என்பதை அவர் முன்னுரையிலேயே வலியுறுத்தினார். நூலின் உள்ளடக்கமோ ஒரு தாயும் மகனும் நாள்தோறும் பேசிக்கொள்ளும் பேச்சு: பூனை, பட்டாம்பூச்சி, மழை, காலை உணவு என வீட்டிலும் தோட்டத்திலும் கண்ணில் படுபவையே பாடமாயின. பொருளற்ற அசைவரிசைகளை மனப்பாடம் செய்வதிலிருந்து பொருளுள்ள சிறு தொடரைப் படிப்பதற்கு மாறிய இத்திருப்பம், குழந்தைக் கல்வியின் மிகப் பெரிய மாற்றங்களுள் ஒன்றாக எண்ணத்தக்கது. 1783 வாக்கில் இங்கிலாந்தின் குழந்தை நூலாசிரியர் எல்லினார் ஃபென் வெளியிட்ட இரு பகுதி உரையாடல் நூலில் முதற்பகுதிச் சொற்கள் மூன்று முதல் ஆறு எழுத்துகளுக்குள் அடக்கப்பட்டன. படிநிலையை எழுத்தெண்ணி அமைக்கும் வழக்கம் அவ்வாறு வலுப்பெற்றது.

அமெரிக்காவில் 1783-இல் நோவா வெப்ஸ்டரின் எழுத்துக்கூட்டு நூல் வெளிவந்து பரவிய பின்னரும், முழுமையான படிநிலைத் தொகுதி அரை நூற்றாண்டு தாமதித்தே பெரும் வழக்குக்கு வந்தது. ஒஹையோ மாநிலத்து ஆக்ஸ்ஃபர்டு ஊரின் மயாமி பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஹோம்ஸ் மக்கஃபி, சின்சினாட்டி நகரப் பதிப்பகம் ஒன்றின் வேண்டுகோளை ஏற்று 1836-இல் முதல் இரண்டு வாசகங்களையும் 1837-இல் அடுத்த இரண்டையும் தொகுத்தார். ஐந்தாம் வாசகத்தை அவர் தம்பி அலெக்சாண்டர் 1844-இல் சேர்த்தார். பேராசிரியர் தம் வீட்டில் அண்டை அயல் குழந்தைகளைக் கூட்டி, பாடங்களைப் படிக்கச்செய்து பார்த்தே எளிமையையும் கடினத்தையும் முடிவு செய்தார் எனச் சொல்லப்படுகிறது. 1960 வரையில் ஏறத்தாழ 12 கோடிப் படிகள் விற்றதாக மதிப்பிடப்படும் இந்நூல்களில், 'மூன்றாம் வாசகம்' என்பது மூன்றாம் வகுப்பைக் குறிக்கவில்லை என்பது மிக முக்கியமானது. எல்லா வயதினரும் ஒரே அறையில் பயின்ற கிராமப் பள்ளியில், இரண்டாம் வாசகத்தை முடித்தவர் எட்டு வயதினராயினும் பதினான்கு வயதினராயினும் மூன்றாம் வாசகத்தைத் தொட்டார்.

இந்த இயல்பு பள்ளிக் கட்டடங்களோடு மாறியது. வகுப்புக்கு ஓர் அறை, ஆண்டுக்கு ஒரு வகுப்பு என்ற அமைப்பைப் பாஸ்டனின் குவின்சி பள்ளி 1848-இல் நடைமுறைப்படுத்த, பிற நகரங்களும் அதைப் பின்பற்றின. வாசகத்தின் எண் மெல்ல மெல்ல வயதின் எண்ணாயிற்று. பயிற்சி நூல், அதாவது குழந்தை தன் விடைகளை அதன் பக்கங்களிலேயே எழுதி நிரப்பும் ஏடு, இருபதாம் நூற்றாண்டில் பெருகியதற்கும் வகுப்பறையே காரணம். ஆசிரியர் ஒரு குழுவைப் படிக்கச்சொல்லிக் கேட்கும்போது ஏனையோரை அமைதியாக அமர்த்தும் பணி அந்த ஏட்டுக்கு உரியதாயிற்று. 1930 முதல் 'டிக், ஜேன்' என்னும் பாத்திரங்களைக் கொண்டு வந்த வாசகங்கள் அத்தகைய துணை ஏடுகளுடனேயே விற்கப்பட்டன. ஒரு குழந்தையின் அருகில் ஒரு தாயோ தந்தையோ அமர்ந்திருக்கும் வீட்டில் இத்தேவையே எழுவதில்லை. ஆயினும் பயிற்சி நூல்களை அடுக்கடுக்காக வாங்கும் வழக்கம் வீட்டுக்கல்வியிலும் புகுந்தது வருந்தத்தக்கது.

இதற்கு மாற்றுவழி முன்பே இருந்தது. இங்கிலாந்தில் கல்வியாளர் சார்லட் மேசன் 1886-இல் 'வீட்டுக்கல்வி' என்னும் நூலை வெளியிட்டு, பின்னர் பெற்றோர்க்குப் பாடத்திட்டங்களை அஞ்சலில் அனுப்பினார். படித்ததைக் குழந்தை தன் சொற்களில் திரும்பச் சொல்வதையும், நல்ல உரைநடையைப் பார்த்தெழுதுவதையுமே அவர் பயிற்சியாகக் கொண்டார். பால்டிமோரின் கால்வர்ட் பள்ளி 1906 முதல் பாடநூல், தாள், பென்சில் ஆகியவற்றோடு ஆசிரியர் குறிப்பையும் பெட்டியிலிட்டு, பள்ளிக்குத் தொலைவில் வாழ்ந்த குடும்பங்களுக்கு அனுப்பிவந்தது.

சில சொற்களையே திரும்பத் திரும்ப அடுக்கி, சொல்லை உருவமாகக் கண்டு நினைவில் நிறுத்தச்செய்த 'டிக், ஜேன்' முறையை 1955-இல் எழுத்தாளர் ருடால்ஃப் ஃபிளெஷ் தம் நூலில் கடுமையாகத் தாக்கி, எழுத்துக்குரிய ஒலியைக் கூட்டிப் படிக்கும் முறையை மீட்கக் கோரினார். 1957-இல் டாக்டர் சூஸ் 236 தனிச்சொற்களுக்குள் அடங்கிய நகைச்சுவைக் கதை ஒன்றை எழுதி, சொல்லெல்லை குறுகினாலும் கதை உயிரோடிருக்கலாம் என நிறுவினார். 1976-இல் பாபி லின் மாஸ்லன் நான்கே எழுத்துகளில் தொடங்கும் சிறு நூல்களை உருவாக்கினார்.

கல்வி எழுத்தாளர் ஜான் ஹோல்ட் 1977-இல் வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்கென இதழ் தொடங்கிய பின், 1993 அளவில் அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்ட ஏற்புப் பெற்றது. மறுஅச்சான மக்கஃபி வாசகங்கள் மீண்டும் வீடுகளுக்குள் வந்தன. ஆனால் தேர்வு எளிதாக அமையவில்லை. 1836-இன் மூலப்பதிப்பில் சமயப் போதனை மிகுதி. 1879-இன் திருத்தப்பதிப்பில் அது குறைந்து, ஒலிப்புக் குறிகளும் சீரான ஏற்றமும் இடம்பெற்றன. குடும்பத்தின் நோக்கத்துக்கேற்ப இரண்டுள் ஒன்றைத் தேரலாம் எனினும், எழுத்தறிவு தொடங்கும் குழந்தைக்கு 1879-இன் பதிப்பே தகுந்தது. எந்தத் தொகுதியானாலும் அட்டையில் உள்ள எண்ணையோ வயதையோ பெற்றோர் நம்பிவிட வேண்டாம். நூலின் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து குழந்தையை உரக்கப் படிக்கச்சொல்லிக் கேட்ட பின்னரே எந்த வாசகத்தில் தொடங்குவது என்பதை முடிவு செய்வார்களாக.