மூத்தம்மாவின் வெள்ளமும் நூலகத்து அலுமாரியும்



2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன பிறகு எங்கள் கரையோரத்தில் பல வீடுகளில் ஒரு துண்டுக் கடதாசிகூட மிஞ்சவில்லை. காணி உறுதி, பிறப்புப் பத்திரம், மூத்தவாப்பா அரபுத்தமிழில் எழுதி வைத்த கொப்பி எல்லாம் போயிற்று. உறுதிக்கும் பத்திரத்துக்கும் கந்தோர் கந்தோராக அலைந்து பிரதி எடுத்தோம். குடும்ப வரலாற்றுக்குப் பிரதி எங்கே இருக்கிறது என்று நாம் தேடவேயில்லை.

சென்ற விடுமுறையில் எங்கள் வீட்டில் அதைத் தொடங்கினோம். மூத்தம்மாவிடம் திகதி கேட்டால் வராது. "வெள்ளத்துக்கு அடுத்த வருசம் கலியாணம். கடைசி மகன் பிறந்து நாப்பதாம் நாள் புயல் அடிச்சது" என்றுதான் சொன்னார். முதலில் சிரித்தோம். பிறகு எழுதிப் பார்த்தோம். பெருவெள்ளம் 1957 டிசம்பர். ஆகவே கலியாணம் 1958. புயல் 1978 நவம்பர் 23. ஆகவே சின்ன மாமா பிறந்தது ஒக்டோபர் நடுப்பகுதி.

நூலகத்துக்கு வேண்டியதும் இதுதான். பழைய பத்திரிகைகள் பெயர் வரிசையில் அல்ல, திகதி வரிசையில்தான் கட்டி வைக்கப்பட்டிருக்கும். திகதி இல்லாமல் போனால் நூலகராலும் உதவ முடியாது. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. ஊர் நூலகத்தில் இல்லாத பழைய இதழ்களுக்குக் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிக்கூடத்தை நாடலாம்.

தேடும்போது மூன்று விடயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று: அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முந்திய அறிக்கைகளில் கல்முனையும் சம்மாந்துறையும் அக்கரைப்பற்றும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருக்கும். எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் ஆங்கிலத்தில் எழுதிய மட்டக்களப்பு மாவட்ட நூலை அதனால்தான் நாமும் படிக்க வேண்டும்.

இரண்டு: பழைய குடிசன மதிப்பீடுகளில் 'முஸ்லிம்' என்ற சொல்லை மட்டும் தேடினால் நம்மைத் தவறவிடுவோம். இனம் என்ற இடத்தில் 'மூர்', அதாவது சோனகர் என்றே இருக்கும்.

மூன்று, முக்கியமானது: குடி. நமக்குக் குடி உம்மா வழியில் வருகிறது. பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்தோ வாப்பாவுடையது. பிறப்புப் பத்திரத்தில் குடியை எழுத ஒரு கட்டமும் கிடையாது. கடதாசியை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், நமக்குக் குடி தந்த பெண்கள் இரண்டு தலைமுறைக்குள் காணாமல் போய்விடுவார்கள். அது மூத்தம்மாமாரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. ஒவ்வொரு ஜனாஸாவோடும் அதில் கொஞ்சம் மையவாடிக்குப் போகிறது.

ஆகவே நூலகத்துக்குப் போக முதல் வீட்டில் கேளுங்கள். இந்த வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு உம்மாவோடு அரை மணித்தியாலம் இருங்கள். குடி என்ன, உம்மாவின் உம்மா யார், எந்த வளவில் இருந்தார்கள், எந்த வெள்ளம், எந்தப் புயல் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறகு அந்தத் திகதிகளோடு நூலகப் படியேறுங்கள்.

எழுதியதை வீட்டில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு பிரதியை ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள். நூலகமும் அழியும் என்பதை 1981இல் யாழ்ப்பாணத்தில் கண்டோம். அதனால் இன்னொரு பிரதியை 'நூலகம்' மின்னூலகம் போன்ற இடத்தில் சேர்க்கப் பாருங்கள். அடுத்த முறை கடல் வந்தாலும் நம் பிள்ளைகள் வெறுங்கையோடு நிற்கக் கூடாது.

உங்கள் மூத்தம்மா எந்த வெள்ளத்தை, எந்தப் புயலை வைத்துக் காலம் சொல்வார்? கீழே எழுதுங்கள்.