முட்டுக்கொடுத்த தூண்: மயிலாப்பூரில் பத்தியத்தின் வரலாறு

இன்றைய பேச்சுவழக்கில் விலக்க வேண்டிய உணவுகளின் பட்டியலாகச் சுருங்கிவிட்ட பத்தியம் என்னும் சொல், வழி எனப் பொருள்படும் வடசொல்லடியாகப் பிறந்து, உடலின் போக்குக்கு ஒத்த உணவையும் நடத்தையையும் குறித்து வழங்கியதாகும். நோய்களைத் தீர்வன, தீராதன என்று பிரித்த ஆயுர்வேதம், இரண்டுக்கும் இடையே ‘யாப்பியம்’ என்றொரு வகையையும் வைத்தது. முற்றிலும் நீங்காவிடினும் தக்க சிகிச்சையாலும் பத்தியத்தாலும் தாங்கி நிறுத்தத்தக்க நோய் என்பது அதன் பொருள். சாயவிருக்கும் வீட்டுக்கு முட்டுக்கொடுத்த தூணை இதற்கு உவமையாக்குகிறது சுசுருத சங்கிதை.

அத்தூண் எல்லா உடலுக்கும் ஒரே அளவினதன்று. நீரிழிவை உள்ளடக்கிய பிரமேகம் என்னும் சிறுநீர் நோய்த்தொகுதியை 20 வகையாகப் பிரித்த சரக சங்கிதை, வாற்கோதுமையை அதற்குரிய சிறந்த உணவாகக் கூறினாலும், பருத்த நோயாளிக்கு உடலை இளைக்கச் செய்யும் முறையையும் மெலிந்தவருக்கு ஊட்டத்தையும் விதித்தது.

தமிழ்நாட்டு இல்லங்களில் பெரிதும் பழகியதோ, மருந்துண்ணும் நாள்களுக்கு மட்டும் உரிய குறும் பத்தியமே. புளியைத் தள்ளி, உப்பை வறுத்துச் சேர்த்து, மருந்தை முறிக்கும் எனக் கருதப்பட்ட அகத்திக்கீரையை விலக்கி, மருந்து முடிந்தபின் சில நாள் மறுபத்தியமும் காத்து, அதன்பின்னரே வழக்கமான உணவுக்குத் திரும்புவர்.

வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் 1905இல் வேங்கடரமணா ஆயுர்வேத மருந்தகத்தை நிறுவிய மயிலாப்பூரில், இப்பழக்கத்துக்குக் கடைத்தெருவும் துணைநின்றது. சரக்குகளைத் தகர டப்பாக்களில் அடுக்கி வைத்தமையால் பெயர்பெற்ற கச்சேரி சாலை டப்பா செட்டி கடை போன்ற நாட்டு மருந்துக் கடைகளில் வாங்கிய சுக்கு, மிளகு, வேப்பம்பூ, சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல் முதலியவற்றை வறுத்து இடித்த அங்காயப்பொடி, பிள்ளைப்பேற்றுப் பத்தியத்தில் இருந்தவளுக்குச் சுடுசோற்றில் நெய்யுடன் பிசைந்த முதல் கவளமாயிற்று.

சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பரவலான நோய்களாகியபோது, நகர மக்கள் தமக்குப் பழகிய குறும் பத்தியத்தின் விலக்கல் முறையையே அவற்றுக்கும் நீட்டினர் எனலாம். ஆளுக்கேற்ப அளந்து நிறுத்திய தூண், எல்லாருக்கும் பொதுவான தடைப்பட்டியலாயிற்று. முன்பு மறுபத்தியத்தோடு முடிந்த விலக்கு, முடிவுநாள் இல்லாததாயிற்று.