குருத்தெலும்பில் கிருமி புகுந்தால்...

எலும்பு முறிந்தால் கூடிவிடும். தோல் கிழிந்தால் ஆறிவிடும். ஆனால் மூட்டில் எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு ஒருமுறை அழிந்துவிட்டால் பழையபடி வளர்வதில்லை. காரணம் என்ன? அதில் இரத்தக் குழாய்களே இல்லை! மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் பெரும்பாலும் உணவைப் பெறுகிறது. அந்தத் திரவம் சீழாக மாறினால் குருத்தெலும்பின் கதி என்ன?

1743-ல் லண்டனில் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில், குருத்தெலும்பு அழிந்தால் மீள்வதில்லை என்பதை வில்லியம் ஹண்டர் எடுத்துக் கூறினார். அப்போது அவருக்கு வயது 25. அவருக்குப் பிறகும் நூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைமை பெரிதாக மாறவில்லை. மூட்டில் சீழ் பிடித்தவர்களில் பலர் காலை இழந்தனர், அல்லது உயிரையே இழந்தனர். மூட்டைத் திறக்கவே மருத்துவர்கள் அஞ்சினர்.

அந்த அச்சத்தைப் போக்கியவர் ஜோசப் லிஸ்டர். 1877-ல் லண்டனில், உடைந்த முழங்கால் சில்லை வெள்ளிக் கம்பியால் கட்டுவதற்காக மூட்டையே திறந்தார். கிருமிநாசினி முறையைக் கையாண்டதால் சீழ் பிடிக்கவில்லை. 1884-ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டறிந்த சாயமேற்றும் முறை, ஊசியால் எடுத்த மூட்டுத் திரவத்தில் கிருமியைக் கண்ணால் காணவும் வழி செய்தது.

முதல் உலகப் போரில் பெல்ஜிய அறுவை மருத்துவர் சார்லஸ் வில்லம்ஸ் இன்னொரு படி முன்னேறினார். சீழ் பிடித்த மூட்டை அசையாமல் கட்டி வைப்பதே அன்றைய வழக்கம். அவரோ மூட்டைத் திறந்துவிட்டு, நோயாளியையே காலை அசைக்கச் சொன்னார். அசைவால் சீழ் வெளியேறியது, மூட்டும் விறைத்துப் போகவில்லை.

1940-களில் பென்சிலின் வந்து பல உயிர்களைக் காத்தது. ஆனால் மருந்து மட்டும் போதவில்லை. கிருமி இறந்த பிறகும் சீழிலுள்ள நொதிகள் குருத்தெலும்பை அரித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் இன்றும் மருந்து கொடுப்பதோடு சீழையும் வெளியேற்றுகிறார்கள்.

குழந்தைகளின் இடுப்பு மூட்டு வலி சாதாரண அழற்சியா, கிருமித் தொற்றா என்று பிரித்தறிவது கடினம். 1999-ல் பாஸ்டனில் மினிந்தர் கோச்சர் குழுவினர் இதற்கு நான்கு அடையாளங்களை வெளியிட்டனர்: காய்ச்சல், காலை ஊன்ற முடியாமை, மணிக்கு 40 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இரத்தச் சிவப்பணு படிதல், 12,000-க்கு மேல் வெள்ளையணுக்கள். நான்கும் சேர்ந்தால் தொற்று ஏறக்குறைய உறுதி.

ஹண்டர் சொன்ன உண்மை இன்றும் மாறவில்லை. ஆகவே காய்ச்சலோடு மூட்டு வீங்கி, அசைக்க முடியாமல் வலித்தால் தைலம் தடவிக் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.